இடது கால் மேட்டுப் பக்கம்

உங்களுக்கு என்ன, காலையில் எழுந்து கான்வாஸ் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். அந்தத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறீர்கள். நடந்து முடித்து வாசலில் இளநீர் குடித்துவிட்டு எனக்குப் போன் செய்கிறீர்கள். நாகலிங்கம் பூத்திருக்கிறதாம். குளத்தில் அல்லி விரிந்திருக்கிறதாம். நம் வகுப்பில் நான் ஒருத்திதான் வரவில்லையாம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல வேண்டாமே என்று இத்தனை நாளும் மூட்டுவலி என்று சொல்லிவந்தேன். எனக்கு மூட்டுவலி கிடையாது. அந்தத் தோட்டத்தைக் கண்டால் ஆகாது, அவ்வளவுதான். அதன் பெயரைக்கூட இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள் நடக்கிற இடம் எது என்று உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்கு அது பூ. எனக்கு முதலில் வருவது நாற்றம். தோட்டத்தின் பின்பக்கம் கூண்டுகளில் மிருகங்கள் இருந்தன, நினைவிருக்கிறதா? சாயங்காலம் காற்று திரும்பினால் சிங்கத்தின் மூத்திர வாடை புல்வெளி முழுக்கப் பரவும். அதன்மேல் அறுத்த புல்லின் பச்சை வாடை. அதன்மேல் நாகலிங்கப் பூவின் அழுகின வாசம். கல்வாழைகள் நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கும். குரோட்டன்ஸ் செடிகளை ஒரே உயரத்துக்கு வெட்டி வெட்டி, மொட்டையடித்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினதுபோல வைத்திருப்பார்கள். இரும்பு பெஞ்சு வெயிலைக் குடித்து வைத்திருந்து, பாவாடை வழியாகத் தொடையைச் சுடும். மேலே மேடையில் பாண்டு வாசிப்பார்கள். அந்த வாத்தியச் சத்தம் இன்றைக்கும் ஏதாவது ஊர்வலத்தில் கேட்டால் என் முழங்கால் தானாகக் கூசுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் சொல்வது எல்லை போடுவதற்கு முந்தின கோடை. தெற்குத் தாலுகாக்கள் பிரிந்து மெட்ராஸோடு போகும் என்று ஒரு நாள் சொல்வார்கள், போகாது என்று மறுநாள் சொல்வார்கள். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் அந்தப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. மலையாளத்துக்காரர் கடையில் தமிழர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். தமிழர் கடையில் மலையாளத்துக்காரர்கள் வேண்டுமென்றே குரலை உயர்த்துவார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழச்சி என்று என் ஜடையைப் பிடித்து இழுத்துவிட்டு, "பாண்டீ, நினக்கு வண்டி வந்நு, போய்க்கோ" என்று ஒரு பெண் சொன்னாள். உங்களில் ஒருத்திதான். பெயர் எழுதவில்லை.

எங்கள் வீடு அந்தச் சாலைக் கடைத்தெருவில், பலசரக்கு மொத்தக் கடை ஒன்றின் மாடி. கீழே கிடங்கு. வத்தலும் சுக்கும் நெடியாக ஏறி வந்து தலையணையில்கூட இருக்கும். அப்பா அந்தக் கடையில் கணக்கர். மாடிக்கு மரப்படி, தரையும் பலகைத் தரை. இந்தப் பலகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் அதுதான் முதல் எதிரி.

அத்தை எங்களோடு இருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. நாகர்கோவிலில் அவர்களுடைய அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போனபின், சின்னக் குழந்தையாக அவளைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அப்பா. ஒரு காய்ச்சலில் அவளுடைய இடது கால் வளர மறந்துவிட்டது. வலதைவிடக் கட்டைவிரல் அளவு குட்டை. எங்கள் தெருவில் செருப்பு தைக்கிறவர் இடது செருப்புக்கு மட்டும் தோலை அடுக்கி அடுக்கித் தைத்துக் கொடுத்திருந்தார். அதைப் போட்டால் அவள் ஏறக்குறைய எல்லோரையும்போல நடப்பாள். வீட்டுக்குள் செருப்பு போடக்கூடாதே. வீட்டுக்குள் அவள் பலகையில் நடந்தால் ஒரு அடி கனத்தும் ஒரு அடி ஒட்டியும் கேட்கும். கிடங்கில் மூட்டை அடுக்குகிறவர்கள்கூட அண்ணாந்து பார்க்காமலே, "மேலே தங்கச்சி அடுக்களைக்குப் போகுது" என்பார்கள்.

முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்தாயிற்று. அத்தை அடுக்களையிலிருந்து காப்பித் தட்டோடு புறப்பட்டாள். அவள் வாசல்நிலையைத் தாண்டும் முன்னாலேயே பலகை எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டது. வந்தவர்கள் காப்பியைக் குடித்தார்கள். காப்பி நன்றாக இருக்கிறது என்றார்கள். படியிறங்கிப் போனார்கள். தெரு முழுக்க அந்தப் படியிறக்கத்தைப் பார்த்தது.

"இனிமே ஒருத்தனையும் வீட்டுக்குக் கூட்டியாராதீரும் வே" என்று அப்பா தரகரிடம் சொன்னார். தரகர் கோட்டாற்றுக்காரர், வெற்றிலை போடாத நேரமே இல்லை.

"பின்ன எங்க வச்சுக் காட்டுவீங்க அண்ணாச்சி? ரயில்வே ஸ்டேசன்லயா?"

"யோசிக்கேன்."

"சீக்கிரம் யோசிங்க. எல்லை போட்டாச்சுன்னா அப்புறம் நம்ம ஊரு வேற நாடு, இது வேற நாடு. திருவனந்தபுரத்துப் பொண்ணுன்னா, வெளிநாட்டுச் சம்மந்தம்னு சொல்லிருவானுக. அப்புறம் சமைஞ்ச பொண்ணுகளையெல்லாம் இங்க மலையாளத்தானுக்குத்தான் குடுக்கணும்."

அப்பா இதை நம்பினார். கணக்கில் காலணா விடாத மனிதர், இதை அப்படியே நம்பினார். கோடு போட்டுவிட்டால் ஆரல்வாய்மொழி, கோட்டாறு, சுசீந்திரம் என்று எந்த ஊரிலிருந்தும் ஒருத்தனும் வண்டியேறி வந்து பெண் கேட்கமாட்டான், அதற்குள் தங்கையைக் கரையேற்றிவிட வேண்டும். அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் சோறு வெந்தது இந்தப் பயத்தில்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். மிருகங்களைப் பார்க்கலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். உள்ளே போனதும் என்னுடைய பலூன் காற்றில் போய் மேட்டுச் சரிவில் விழுந்தது. அத்தை செருப்பை உதறிவிட்டு, அதை எடுக்க ஓடினாள். புல் சரிவின் குறுக்கே, ஆட்கள் குறுக்குவழியாக நடந்து நடந்து புல் செத்துப்போன ஒரு செம்மண் தடம் இருந்தது. அதில் அவள் போகும்போது இடது பக்கம் மேடு, வலது பக்கம் பள்ளம். அவளுடைய குட்டைக் கால் உயர்ந்த மண்ணில், நெட்டைக் கால் தாழ்ந்த மண்ணில். அவள் நேராக நடந்தாள். தோள் சாயவில்லை. இடுப்பு ஆடவில்லை. பிறந்ததிலிருந்து அப்படியே நடந்தவள்போல நடந்தாள்.

அப்பா முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. என் பலூன் கிடைத்ததற்காக அவர் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன். அம்மையின் தோளைத் தொட்டு, "பாத்தியா? பாத்தியா?" என்றார். அம்மை பார்த்தாள். அம்மைக்கு அவர் என்ன நினைக்கிறார் என்று உடனே தெரிந்துவிட்டது. "இது நல்லதுக்கில்ல" என்றாள்.

மிருகங்களை நாங்கள் அன்று பார்க்கவில்லை. அதன்பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கவில்லை.

ஒவ்வொரு வாரமும் பழக்கம். அப்பா சரிவின் அடியில், குளத்தைப் பார்த்த இரும்பு பெஞ்சில் உட்காருவார். அதாவது மாப்பிள்ளை வீட்டார் உட்காரப்போகிற இடம். அங்கிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று பார்ப்பார். அம்மை பக்கத்தில் கூஜாவோடும் முறுக்குப் பொட்டலத்தோடும், யாருக்கோ சாவுச்சோறு கொண்டுவந்த முகத்தோடும் நிற்பாள். அத்தையின் செருப்பு அம்மையின் துணிப்பைக்குள் போய்விடும். அடி தடித்த செருப்பைப் பார்த்தால் விஷயம் வெளியாகிவிடும் அல்லவா, அதனால் வெறுங்கால். தடத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அத்தை நடக்க வேண்டும். மறு முனையில் மூங்கில் புதர். புதருக்குப் பின்னால் மறைந்து, கல் பாவின வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடி முதல் முனைக்கு வர வேண்டும். அதே தடத்தில் திரும்பி மட்டும் வரக்கூடாது. திரும்பினால் குட்டைக் கால் பள்ளத்துப் பக்கம் போய்விடும். அப்போது அவளைப் பார்த்தால் ஒவ்வொரு அடிக்கும் கிணற்றில் இறங்குகிறவள்போல இருக்கும்.

"இடது கால் மேட்டுப் பக்கம்" என்று அப்பா கீழேயிருந்து குரல் கொடுப்பார். "கீழ பாக்காதட்டி. காலைப் பாத்து நடந்தா நொடியில கண்டுபிடிச்சிருவான். பூவைப் பாரு. தோட்டம் பாக்க வந்தவ மாதிரி பூவைப் பாரு."

அத்தை பூவைப் பார்ப்பாள். பார்வையில் அத்தனை பகை இருக்கும்.

எனக்கும் வேலை இருந்தது. அத்தையின் வலது கையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்துப் பக்கம் நான் நடக்க வேண்டும். அத்தை கால் பிசகினால் நான் விழுந்துவிட வேண்டும். குழந்தை விழுந்தது, அதைத் தூக்கக் குனிந்தாள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்களாம். "அவ கை இறுகின மறு நிமிசம் நீ தரையில கிடக்கணும், கேட்டியா?" என்று அப்பா பழக்கினார். விழப் பழகினேன். முழங்கால் இரண்டும் தேய்ந்து, ஆறி, மறுபடி தேய்ந்தது. பாண்டு சத்தம் கேட்டால் கூசுகிறது என்றேனே, அது இதுதான். முழங்காலில் இன்றும் செம்மண் நிறத்தில் இரண்டு தழும்பு இருக்கிறது. நீங்கள் உடற்பயிற்சி என்கிறீர்கள்.

தோட்டக் காவலாளி ஒருவர் இருந்தார். காக்கி நிக்கர், கழுத்தில் விசில். புல்லில் நடக்கக்கூடாது என்று பலகை எழுதி வைத்திருந்தார்கள். முதல் வாரமே விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏய்! புல்லில் சவிட்டருது! போர்டு கண்டில்லே?"

அப்பா எழுந்து கைகூப்பிக்கொண்டு போனார். தனக்குத் தெரிந்த மலையாளம் முழுவதையும் திரட்டி, "நேர்ச்சையாணு சாரே" என்றார். தங்கைக்கு ஒரு வேண்டுதல், புல்லில் வெறுங்காலோடு நடப்பதாக.

காவலாளி அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் முழங்காலைப் பார்த்தார். "புல்லில் நடக்குந்ந நேர்ச்சையோ? ஏது அம்பலத்தில்?"

"எங்க ஊர் அம்மன் அம்பலம்."

"பாண்டிகள்க்கு ஓரோ தெய்வம்!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார். அதன்பின் விசில் ஊதவில்லை. தூரத்தில் நின்று, எங்கள் தெய்வத்துக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று தோட்டக்காரர்களுக்குச் சொல்லிச் சிரிப்பார். அப்பாவுக்கு அது கேட்கும். அவர் அத்தையைப் பார்த்து இன்னும் உரக்கச் சத்தம் போடுவார்.

தோட்டத்துக்கு முதலில் வந்த கூட்டம் ஆரல்வாய்மொழிக்காரர்கள். அன்றைக்கு அப்பா எங்களை ஜட்கா வண்டியில் தோட்ட வாசல்வரை ஏற்றிக்கொண்டு போனார், வழியில் யாரும் அத்தை நடப்பதைப் பார்த்துவிடக்கூடாதாம். தற்செயலாகச் சந்திப்பதுபோல ஏற்பாடு. அப்பா பெஞ்சருகே நின்று, "அட, நீங்களா! பாண்டு கேக்க வந்தீங்களோ?" என்று வியந்தார். அவர்களும் வியந்தார்கள். அத்தை தடத்தில் நடந்தாள். ஒரு பிசகு இல்லை. நான் விழ வேண்டிய அவசியமே வரவில்லை. மூங்கில் புதருக்குப் பின்னால் போய் நின்று அவள் மூச்சு வாங்கினதில் ஜாக்கெட்டின் முதுகு நனைந்திருந்தது.

மூன்றாம் நாள் தரகர் வந்து பதில் சொன்னார். பெண் நிறம் போதாது.

அடுக்களைக்குள்ளிருந்து அத்தையின் சிரிப்பு கேட்டது. முதலில் அடக்கின சிரிப்பு. பிறகு அடங்கவில்லை. அம்மியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மைனி, காலை மறச்சோமே, தோலை மறந்துட்டோமே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அம்மைக்கும் வாய் கோணிற்று, முந்தானையால் மூடிக்கொண்டாள். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாத்தனார் மேல் அம்மைக்கு ஒன்றும் பெரிய பாசம் கிடையாது. "இவ போனாத்தான் எனக்கு விடிவு" என்று என் முன்னாலேயே சொல்லியிருக்கிறாள். ஆனாலும் அன்று சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு அப்பா ஒரு டப்பா பவுடர் வாங்கி வந்தார்.

ஒரு நாள் மூங்கில் புதருக்குப் பின்னால் நின்றபோது அத்தை என்னிடம் கேட்டாள். என்னிடம் என்று சொல்ல முடியாது. நான் பக்கத்தில் இருந்தேன். "இங்க சரி. அவன் வீட்டு முத்தமும் இப்படிச் சரிவாவா இருக்கும்?"

நான் யோசித்து, "இருக்கலாம்" என்றேன்.

அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள். வலித்தது.

வீட்டில் அப்பாவிடமும் கேட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அண்ணா, மணவடையைச் சுத்தி வரணுமே. அங்க என்ன செய்வே?"

"அது தாலி கட்டினதுக்கு அப்புறமுள்ள காரியம்லா?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? தாலி ஏறியாச்சுன்னா ஏறினதுதான். எறக்க முடியுமா அவனால?"

"எறக்க முடியாது. ஆனா என்னைய என்ன வேணும்னாலும் செய்யலாம்லா?"

அப்பா கையை உதறிவிட்டு எழுந்தார். இலையில் பாதிச் சோறு கிடந்தது. "உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு கொட்டுற மழையில வைத்தியன் வீட்டுக்கு ஓடினவன் நான். எனக்குத் தெரியாதா உனக்கு எது நல்லதுன்னு?" என்றார். உண்மையிலேயே அவர் ஓடினவர்தான். அந்த ஓட்டத்தில் அவர் பாதத்தில் ஏறின முள்ளின் காய்ப்பை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எனக்கு இன்றும் அவரை முழுக்கத் திட்டவும் வருவதில்லை. அந்தக் கோபமெல்லாம் தோட்டத்தின் மேல் போகிறது. அது வாய் திறந்து பதில் சொல்லாது, பூப்பூத்துக்கொண்டு நிற்கும்.

கடைசிக் கூட்டம் கோட்டாறு. மாப்பிள்ளை தாலுகா ஆபீஸில் வேலை, கொஞ்சம் பருமன், அதிகம் பேசாதவர். அவருடைய அம்மா, தாய்மாமன். அன்று வானம் காலையிலிருந்தே புழுங்கியது. மேடையில் பாண்டு வாசிக்கிறவர்கள் வியர்வையைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்கள். அத்தைக்கு முகம் முழுக்கப் பவுடர். நெல்லிக்காய் நிறப் பட்டு.

நடந்தாள். கை என் கையில் குளிர்ந்து கிடந்தது, இறுகவில்லை. பாதித் தடத்தில் நான் கீழே பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளின் முகம் எனக்குப் பிடித்துவிட்டது, அதுதான் அன்றைய பெரிய தொந்தரவு. முந்தினவர்களைப்போல மாட்டுச் சந்தைப் பார்வை அவளுக்கு இல்லை.

நாங்கள் மூங்கில் புதரை எட்டப்போகிற நேரம் அந்த அம்மாளின் குரல் கேட்டது. "பொண்ணு குத்துவெளக்கு நடந்தாப்ல நடக்கா. எனக்குப் புடிச்சுப்போச்சுப்பா. இனி பாக்க என்ன இருக்கு?" பிறகு எங்களைப் பார்த்து, "மக்கா, இங்க வா. நான் கையோட பூ கொண்டாந்திருக்கேன். வச்சு விடுகேன்" என்று கூப்பிட்டாள். மடியிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். பிச்சிப்பூ.

அப்பா துள்ளி எழுந்தார். "நீங்க இருங்கம்மா, அவ சுத்திக்கிட்டு வந்திருவா. இல்லன்னா நாம அங்க போவோம், நாமளே போவோம்..."

"எதுக்குச் சுத்தணும்? இந்தா, நேர் வழி இருக்குல்லா" என்றாள் அந்த அம்மாள்.

அப்பா அத்தையைப் பார்த்துக் கண்ணால் சைகை செய்தார். புதருக்குப் பின்னால் போ. கல் வழியாக வா. அந்தச் சைகை அங்கிருந்து எனக்கே தெரிந்தது. அத்தை அதைப் பார்த்தாள். பிறகு அந்தம்மாளின் கையிலிருந்த பூவைப் பார்த்தாள். எத்தனையோ வாரமாகப் பூவைப் பார் பூவைப் பார் என்று சொல்லிக்கொடுத்தார்களே, அன்றுதான் உண்மையாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

என் கையை விட்டாள். திரும்பினாள். வந்த தடத்திலேயே நடக்க ஆரம்பித்தாள்.

இடது கால் பள்ளத்தில். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு இடுப்புவரை சரிந்து, மறுபடி ஏறி, மறுபடி சரிந்தது. பட்டுப் புடவை ஒரு பக்கம் செம்மண்ணில் இழுபட்டது. பழகின பழக்கம், நான் தொப்பென்று விழுந்தேன். முழங்காலில் ரத்தம் வந்தது, உரக்க அழுதேன். அத்தை குனியவில்லை. என்னைத் தாண்டி நடந்தாள். பாண்டு வாசிப்பு நிற்கவில்லை. அந்தக் கும்மாளச் சத்தத்தோடு அவள் ஆடி ஆடி அந்தத் தடம் முழுவதையும் கடந்து, சரிவிறங்கி, பெஞ்சின் முன்னால் போய் நின்றாள். பவுடர் வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது.

"வைக்கணும்னா வைங்க அம்மா" என்றாள். "என் நடை இதுதான்."

பூ வைக்கத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

தாய்மாமன்தான் முதலில் பேசினார். "வே, எங்கள என்னன்னு நெனச்சீரு? கண்ணவிஞ்ச கூட்டம்னா?"



அந்த அம்மாள் கையில் பூவோடு நின்றாள். கோபத்தைவிட வேறு என்னவோ அந்த முகத்தில் இருந்தது. "முன்னமே சொல்லியிருந்தா யோசிச்சிருப்போமே" என்று அப்பாவிடம் சொன்னாள். "நாங்களும் பிள்ளை குட்டி உள்ளவங்கதான. சொல்லியிருக்கலாம்லா?" பூவை இலையோடு மடித்து மடியில் செருகிக்கொண்டாள். மாப்பிள்ளை கடைசிவரை குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லியிருந்தால் யோசித்திருப்பார்களா? எனக்கு இந்த வயது வரை தெரியவில்லை. அன்றைக்கு அது உண்மையாகத்தான் கேட்டது. அப்பாவின் காதில் மட்டும் அது விழவே இல்லை.

அந்த வருஷக் கடைசியில் எல்லை வந்தது. தெற்கே போனது போயிற்று. அடுத்த தை பிறந்ததும் எங்கள் தெருவிலிருந்து இரண்டு பெண்களை நாகர்கோவிலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அங்கிருந்து மூன்று பெண்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டிப் பஸ் போயிற்று, புடவை போயிற்று, சீர்முறுக்கு போயிற்று. வெளிநாடு என்று ஒருத்தனும் சொல்லவில்லை. தரகர் அதே வெற்றிலையோடு வந்து எல்லாக் கல்யாணத்திலும் பந்தியில் உட்கார்ந்தார். எந்தப் பயத்துக்காக என் முழங்கால் தேய்ந்ததோ அந்தப் பயமே பொய்.

அத்தைக்குப் பிறகு கல்யாணம் ஆயிற்றா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நீங்களும் இப்போது அதைத்தான் நினைக்கிறீர்கள். கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

அந்தச் சாயங்காலத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். தோட்ட வாசலில் தூறல் பிடித்தது. பஸ் வந்தது. அப்பா ஏறி, திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய் உட்கார்ந்தார். அம்மை ஏறினாள். அத்தை ஏறவில்லை.

"கேறுந்நோ இல்லயோ?" என்று கண்டக்டர் கேட்டார்.

"இல்லா. நடந்நோளாம்" என்றாள் அத்தை.

நான் படியிலிருந்து குதித்து இறங்கிவிட்டேன். பஸ் நகர்ந்தது. அம்மை ஜன்னலில் முகத்தை வைத்து, "சவமே, மழையில கால் வழுக்கப்போகுது!" என்று கத்தினாள். துணிப்பையிலிருந்து செருப்பை எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டில் எறிந்தாள். எறிந்த வேகத்தில் கோபமா வேறெதுவுமா என்று அப்போது தெரியவில்லை. தடித்த செருப்பு சேற்றில் கவிழ்ந்து கிடந்தது. அத்தை அதை எடுத்துத் தட்டினாள். போடவில்லை. ஜோடியாகக் கையில் பிடித்துக்கொண்டாள்.

பாளையம் வழியாக, செக்ரட்டேரியட்டைத் தாண்டி, தம்பானூர்ப் பக்கமாக நடந்தோம். சமதரையான பெரிய ரோடு. கடை வாசல்களில் ஒதுங்கி நின்ற ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவன் அவளைப்போலவே நடந்து காட்டினான். அத்தை நின்று, அவன் நடந்து முடிக்கிறவரை பார்த்து, "இடது தோளை இன்னும் கொஞ்சம் தாத்தணும்" என்று தமிழிலேயே சொன்னாள். அவன் கடைக்குள் போய்விட்டான்.

எங்கள் சாலைத் தெருவுக்கு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். மரப்படியில் அத்தை ஏறினாள். கனத்து ஒரு அடி, ஒட்டி ஒரு அடி. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள்.

"யாரு?" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் யார் என்று கேட்கத் தேவையில்லாத காலடி அந்த ஒன்றுதான். ஆனாலும் கேட்டார்.

"நொண்டி" என்றாள் அத்தை.

அந்த வீட்டுக்குள் யாரும் அதுவரை சொல்லாத சொல். வாய்ச்சண்டையில் அம்மைகூடச் சொன்னதில்லை. கதவு திறக்கவில்லை. அத்தை அவசரப்படவில்லை. ஈரக் கூந்தலை உதறி முடிந்துகொண்டாள். பிறகு, பால்காரருக்குப் பதில் சொல்கிற குரலில், "நொண்டிதான் வந்திருக்கேன். தொறண்ணா" என்றாள்.

தாழ்ப்பாளை எடுத்தது அப்பாதான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"செம்மண்ணா இருக்கு" என்றார். "கழுவிட்டு வா."

அத்தை கழுவவில்லை. செருப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பலகையில் வலது காலின் தடம் முழுசாகவும், இடது காலுக்கு விரல்களும் முன்பாதமும் மட்டுமாகவும், சிவப்பாக, அடுக்களை வரைக்கும் விழுந்துகொண்டே போயிற்று.